ஒன்பதாம் வகுப்பில் எத்தனை இடங்கள்? கணக்கில் வராத குழந்தைகள்

தமிழ்நாட்டில் குழந்தைப் பிறப்பு குறைந்துவருகிறது. ஆகவே பள்ளிகளில் இடப்பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இனி இடமில்லை என்று கல்வித்துறையினர் கூறும்போது, முதல் பார்வையில் அது சரியாகவே தோன்றும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை 1.8. தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இருபது குழந்தைகள்கூட இல்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த வாதம் ஒன்றாம் வகுப்புக்குத்தான் பொருந்தும். அதை அப்படியே ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் நீட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது. அப்பிழையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வகுப்பின் மாணவர் எண்ணிக்கை இரண்டு வழிகளில் கூடும். பிறப்பு கூடினால் கூடும். பாதியில் நின்றுவிடும் குழந்தைகள் நிற்காமல் தொடர்ந்தாலும் கூடும். கேரளத்திலோ தமிழகத்திலோ ஓங்கிய சாதிகளின் நடுத்தரக் குடும்பங்களில் இரண்டாவது வழி எப்போதோ முடிந்துவிட்டது. அங்கே எட்டாம் வகுப்பு முடித்த அனைவரும் ஒன்பதுக்குச் செல்கின்றனர். பிறப்பு குறைந்தால் அவர்களின் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பைத் தொட முயலும் குடும்பங்களின் நிலை வேறு. செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்வரும் பெற்றோரின் குழந்தைகள், சேரியிலிருந்து ஊர்ப் பள்ளிக்கு நடந்துபோகும் பெண்பிள்ளைகள், பழங்குடி இருளர் குடியிருப்புகளின் குழந்தைகள் ஆகியோரிடையே, பிறப்பு குறைந்தாலும் உயர்நிலைக் கல்விக்கான தேவை இன்னும் பல்லாண்டுகள் கூடிக்கொண்டேதான் இருக்கும். கூட வேண்டும் என்பதே நமது விருப்பமும்.

இடங்களைத் திட்டமிடுவோர் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்ப்போம். அடிப்படைக் கணக்கு எளிமையானது. இவ்வாண்டு எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்று எடுத்துக்கொள்வர். கடந்த சில ஆண்டுகளில் எட்டிலிருந்து ஒன்பதுக்குச் சென்றவர்களின் விகிதத்தால் அதைப் பெருக்குவர். வரும் விடையை நாற்பதால் வகுத்தால் எத்தனை பிரிவுகள் தேவை என்பது கிடைத்துவிடும். அதற்கேற்ப வகுப்பறை, பட்டதாரி ஆசிரியர் பணியிடம் முதலியவை வரும். ஆசிரியர் பணியிடங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் நாளின் மாணவர் வருகைப் பதிவை வைத்தே நிர்ணயிக்கப்படுகின்றன.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பில் ஐம்பது குழந்தைகள். ஊரிலிருந்து முப்பது பேர், சேரியிலிருந்து இருபது பேர். சென்ற ஆண்டுகளில் ஊர்க் குழந்தைகளில் 28 பேரும் சேரிக் குழந்தைகளில் 12 பேரும் ஒன்பதுக்குப் போயிருக்கிறார்கள் என்று கொள்வோம். மொத்தம் நாற்பது. விகிதம் 80 விழுக்காடு. இந்த ஆண்டும் ஐம்பதை 80 விழுக்காட்டால் பெருக்கினால் நாற்பது. நாற்பதுக்கு ஒரு பிரிவு. கோப்பில் பற்றாக்குறை ஏதுமில்லை. ஓர் இடம்கூட வீணாகவும் இல்லை. நிர்வாகத்தின் பார்வையில் இதைவிட ஒழுங்கான பள்ளி இருக்க முடியாது.

காணாமற்போன பத்துப் பேரில் எட்டுப் பேர் சேரிக் குழந்தைகள் என்பது அந்தக் கோப்பில் எங்கும் தெரியாது. அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. சென்ற ஆண்டு அவர்கள் நின்றுபோனதே இந்த ஆண்டு அவர்களுக்கு இடம் தேவையில்லை என்பதற்கான சான்றாக மாறிவிடுகிறது. இடைநிற்றல் என்பது தடுக்கப்பட வேண்டிய தீமை என்று ஒரு திட்டத்தில் எழுதப்படுகிறது. அதே இடைநிற்றல் இன்னொரு பிரிவில், கட்டட மதிப்பீட்டுக்கு, நம்பத்தகுந்த புள்ளிவிவரமாகப் பயன்படுகிறது.

இப்போது கல்வி உதவித்தொகையாலோ, பேருந்துப் பயண அட்டையாலோ, ஓர் ஆசிரியையின் விடாமுயற்சியாலோ அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் திரும்பி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு 45 ஆகிறது. தலைமையாசிரியருக்கு அது நெருக்கடி. அப்போது யார் திருப்பி அனுப்பப்படுவார்கள்? கடைசியாக வந்தவர்கள். கடைசியாக வருபவர்கள் பெரும்பாலும் யார்? சூளைப் பருவம் முடிந்து ஜூனில் ஊர் திரும்பும் குடும்பத்தின் பிள்ளைகள். சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருப்பவர்கள். பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க இயலாதவர்கள். எந்தத் தலைமையாசிரியரும் சாதி பார்த்து மறுக்கவில்லை என்று நாம் முழுமனதோடு நம்பினாலும் முடிவு அதுவாகவே இருக்கிறது.

சட்டத்தின் எல்லையும் இங்கேதான் முடிகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்பு வரைதான். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகள் என்று விதி வகுத்த அரசு, அதற்கு மேல் சட்டக் கடமையை ஏற்கவில்லை. அதே ஆண்டில் தொடங்கிய அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டம், ஐந்து கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி, ஏழு முதல் பத்துக் கிலோமீட்டருக்குள் மேல்நிலைப் பள்ளி என்று இலக்கு வைத்தது. அது இலக்குதான், நீதிமன்றத்தில் கேட்டுப் பெறத்தக்க உரிமை ஆகவில்லை. 2018இல் அத்திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் கரைந்தது. அந்தத் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை 2024-25இல் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததையும் நாம் அறிவோம். உரிமையாக எழுதப்படாத ஒன்று பேரத்துக்கு உரிய பொருளாவது எளிது.

இதே சட்டத்தின் இன்னொரு விளைவைத் திட்டமிடுவோர் போதிய அளவு பேசுவதில்லை. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காடு ஒதுக்கீடும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. தமிழ்நாட்டில் 2013-14இல் எல்.கே.ஜி.யில் அவ்வாறு சேர்ந்த குழந்தை 2023-24இல் ஒன்பதாம் வகுப்பை எட்டியது. அதற்குப் பின் முழுக் கட்டணம். கட்ட இயலாத பெற்றோர் எங்கே செல்வர்? அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்குத்தான். அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பதிவேட்டில் இக்குழந்தைகளின் பெயர் இல்லை. ஆகவே நாற்பதால் வகுக்கும் கணக்கிலும் இல்லை.

ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகளின் அமைப்பைப் பார்த்தால் இந்தச் சிக்கல் எவ்வளவு பழமையானது என்பது விளங்கும். பஞ்சமர் கல்விக்கெனச் சென்னை மாகாண அரசு 1893இல் தனி ஆணை பிறப்பித்தது. அடுத்த ஆண்டிலேயே அடையாற்றில் ஆல்காட்டின் இலவசப் பள்ளி தொடங்கியது. 1920களில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கென நடத்திய பள்ளிகள் இன்றைய நலத்துறைப் பள்ளிகளின் முன்னோடிகள். அன்று ஊர்ப் பள்ளிகளின் கதவு நம் குழந்தைகளுக்குத் திறக்கவில்லை. எனவே சேரிக்குள் ஒரு பள்ளி, அதில் எழுத்தும் எண்ணும் என்பதே குறிக்கோளாக இருந்தது. அந்தக் குறிக்கோளின் வடிவம் இன்றும் மாறவில்லை. அண்மை ஆண்டுகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளின்படி இத்துறையின் பள்ளிகள் 1,138. அவற்றுள் தொடக்கப் பள்ளிகள் 833, நடுநிலை 99, உயர்நிலை 108, மேல்நிலை 98. அதாவது பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு வரை போகும் பள்ளிகள் மாநிலம் முழுவதற்குமாக நூறைக்கூடத் தொடவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 1 கோடியே 44 இலட்சம் பேர் வாழும் மாநிலம் இது.

மற்ற அரசுப் பள்ளிகள் இருக்கின்றனவே, நம் குழந்தைகள் அங்கே போகலாமே என்று கேட்பது நியாயம். பெரும்பாலோர் போகவும்தான் செய்கின்றனர். ஆனால் ‘ஐந்து கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்கிறது’ என்று வரைபடத்தில் வட்டம் போடும்போது, அந்த ஐந்து கிலோமீட்டர் எந்தத் தெருக்களின் வழியாகச் செல்கிறது என்பது வட்டத்துக்குத் தெரிவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் சக மாணவர்கள். சாதியத் துன்புறுத்தல் தாளாமல் அந்த மாணவர் அதற்கு முன்பே பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். இடப்பற்றாக்குறைக் கணக்கில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. இருக்கை இருந்தும் உட்கார முடியாத நிலையைத் தூர அளவுகோல் அளக்காது. (அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்போம். காலனிக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட தெரு மட்டும் அங்கேயேதான் இருக்கிறது.)

ஒரு நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்குவது எப்படி நடக்கிறது என்பதிலும் நாம் கவனம் செலுத்த வேண்டும். நெடுங்காலம் இங்கு ஒரு நடைமுறை இருந்தது: உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த ஒரு இலட்சம் ரூபாய், மேல்நிலைக்கு இரண்டு இலட்சம் ரூபாய் என ஊர் மக்கள் பங்குத்தொகை செலுத்த வேண்டும், கட்டடத்துக்குப் போதிய நிலமும் காட்ட வேண்டும். பணமும் நிலமும் உள்ள ஊர் முதலில் விண்ணப்பிக்கும், முதலில் பெறும். பஞ்சமி நிலம் கைமாறிப்போய், கூலியை நம்பி வாழும் குடியிருப்பு எந்த நிலத்தைக் காட்டும்? இதனால் மேல்நிலைப் பள்ளி பல இடங்களில் ஊரின் மறுகோடியில், ஆதிக்க சாதியினர் கொடுத்த நிலத்தில், அவர்களுடைய முன்னோரின் பெயர்ப்பலகையோடு அமைந்தது. பள்ளி எங்கே அமைகிறது என்பதைத் தேவை முடிவுசெய்ததைவிடச் சொத்து முடிவுசெய்ததே மிகுதி.

கிராமத்தைவிட நகரத்தில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். சென்னையின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகரிலும், பின்னர் எழில் நகர், பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. அவர்களில் தலித்துகளே பெருந்தொகையினர். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. வீட்டுக்கு நால்வர் என்று கொண்டாலே எண்பதாயிரம் பேர். ஒன்றிய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல்கள் 7,500 பேருக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி, ஆறு முதல் பன்னிரண்டு வரை, ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களுக்கு, என்கின்றன. எண்பதாயிரத்தை 7,500ஆல் வகுத்தால் பத்துக்கும் மேல். எல்லா வீடுகளிலும் ஆட்கள் குடியேறவில்லை, சிலர் தனியார் பள்ளிகளுக்குப் போகின்றனர் என்று பாதியாகக் குறைத்தாலும் ஐந்து முழுமையான மேல்நிலைப் பள்ளிகள் வேண்டும். அடுக்குமாடிகள் எழுந்த வேகத்தில் அத்தனை பள்ளிகள் அங்கே எழவில்லை.

இதை எதிர்பாராத மக்கள்தொகை வளர்ச்சி என்று எவரும் கூற முடியாது. பிறப்பு விகிதத்தைக் கணிப்பது கடினமாக இருக்கலாம். தானே கட்டும் வீடுகளின் எண்ணிக்கை அரசுக்குத் தெரியாதா? எந்தத் தெருவிலிருந்து எந்த மாதம் யாரை அகற்றப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒரே மாணவர் வளர்ச்சி இதுதான். ஆயினும் 2015 வெள்ளத்துக்குப் பின் நடந்த பெருவாரியான அகற்றல்களில், கல்வியாண்டின் நடுவிலேயே குடும்பங்கள் ஏற்றிச் செல்லப்பட்டன. பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள் பழைய பள்ளிக்கே முப்பது கிலோமீட்டர்வரை பேருந்தில் பயணம் செய்தனர், இயலாதவர்கள் நின்றுபோயினர். நின்றுபோனவர்கள் அடுத்த ஆண்டின் விகிதத்தில் மீண்டும் ‘தேவையில்லாத இடங்கள்’ ஆயினர்.

மாநிலச் சராசரி எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு அண்டை மாநிலமான கேரளம் நல்ல பாடம். அங்கே பத்தாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் தேர்ச்சி பெறுகின்றனர். தென் மாவட்டங்களில் பதினொன்றாம் வகுப்பு இடங்கள் காலியாகக் கிடக்க, மலப்புறத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகள் இடமின்றித் தவிக்கின்றனர். புகுமுக வகுப்பைக் கல்லூரிகளிலிருந்து பிரித்துப் பள்ளிகளுக்கு மாற்றிய காலத்தில், ஏற்கெனவே பள்ளிகள் மிகுந்திருந்த தெற்கே மேல்நிலை வகுப்புகள் மிகுதியாகப் போய்ச் சேர்ந்ததன் விளைவு அது. 2024இல் எதிர்ப்பு வலுத்தபின் மலப்புறத்துக்கு 120 தற்காலிக வகுப்புகள் அளிக்கப்பட்டன. கலைப் பிரிவும் வணிகப் பிரிவும்தான். அறிவியல் பிரிவு ஒன்றுகூட இல்லை. வயநாட்டிலோ பழங்குடி மாணவர்கள் 2020இல் சுல்தான் பத்தேரியில் போராட வேண்டியிருந்தது. பழங்குடியினருக்கான ஒதுக்கீடு மாநிலம் முழுவதும் ஒரே விழுக்காடு. ஆனால் பழங்குடிகள் செறிந்து வாழ்வது வயநாட்டில். பிற மாவட்டங்களில் அவர்களுக்கான இடங்கள் நிரம்பாமல் பொதுவுக்கு மாறும்; வயநாட்டில் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு இடம் இராது. மொத்தக் கணக்கில் இடங்கள் மிச்சம்.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வியை எழுப்ப வேண்டும். பட்டியல் சாதியினர் மாநிலத்தில் 20 விழுக்காடு. திருவாரூரில் 34 விழுக்காட்டுக்கு மேல், நீலகிரியில் 32. அம்மாவட்டங்களில் பதினொன்றாம் வகுப்பு இடங்கள் எத்தனை என்பதோடு, அவற்றில் உயிரியல், கணிதப் பிரிவுகள் எத்தனை என்பதும் முக்கியம். ஆய்வகமும் முதுகலை ஆசிரியரும் இல்லாத பள்ளியில் ‘இடம் இருக்கிறது’ என்றால், அது எந்தப் படிப்புக்கான இடம்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு மருத்துவ ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது உரியது. உயிரியல் பிரிவே இல்லாத மேல்நிலைப் பள்ளியின் மாணவிக்கு அந்த ஒதுக்கீடு செய்தித்தாளில் படிப்பதற்கு மட்டுமே.

பெருந்தொற்றுக் காலம் இந்த அமைப்பின் கொள்ளளவைச் சோதித்துப் பார்த்தது. 2020இலும் 2021இலும் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டனர். தனியார் பள்ளிக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களும் அரசுப் பள்ளிகளை நாடின. 2021இல் பதினொன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பிரிவிலும் 10 முதல் 15 விழுக்காடுவரை கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள அனுமதி தரப்பட்டது. கூடுதல் ஆசிரியர்? கூடுதல் கழிப்பறை? இருந்த பெஞ்சில் இன்னும் ஒருவர் நெருங்கி உட்காருவதே திட்டமாயிற்று. அது அவசரகாலம், புரிந்துகொள்ளலாம். ஆனால் அனைவரும் தேர்ச்சி பெற்றால் இந்த அமைப்பால் தாங்க முடியாது என்பது அன்று வெளிப்பட்டதே, அதிலிருந்து என்ன கற்றோம் என்பதுதான் நம் கேள்வி.

நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாக 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கப் பரிந்துரைத்தது. தலித் அமைப்புகளுக்குள்ளேயே இதில் இரு கருத்துகள் உண்டு. தனித்துறை இருந்தால் நிலமும் நிதியும் காக்கப்படும் என்பது ஒன்று. தனிப் பள்ளி தீண்டாமையின் நீட்சி என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருப்பதாகவே நாம் கருதுகிறோம். ஆனால் எந்தத் துறையின் கீழ் இருந்தாலும் 833 தொடக்கப் பள்ளிகளுக்கு மேலே போதிய உயர்நிலைப் பள்ளிகள் இல்லை என்ற நிலை பெயர்ப்பலகை மாற்றத்தால் மாறாது. குழந்தைகள் குறைவு என்று கூறி அத்தொடக்கப் பள்ளிகளை மூடிவிடுவது மட்டும் எளிதாகலாம். அந்த நிலங்களில் உயர்நிலைப் பள்ளிகளை எழுப்பலாம் என்ற யோசனையை ஏன் எவரும் முன்வைப்பதில்லை?

தரவு இல்லை என்ற பதில் இனிச் செல்லாது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027க்குக் காத்திருக்கிறது. 2011இல் பிறந்த குழந்தை இன்று உயர்நிலை வகுப்பில் அமர்ந்திருக்க, திட்டங்களோ அது பிறக்கும் முன் எடுத்த கணக்கில் நிற்கின்றன. உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. சாதி, முகவரி, வகுப்பு அனைத்தும் பதிவாகின்றன. எந்தக் குடியிருப்பின் எந்தக் குழந்தை எட்டாம் வகுப்பில் இருந்து ஒன்பதில் இல்லை என்பதைப் பெயரோடு எடுக்கலாம். விகிதத்தால் பெருக்காமல், எட்டாம் வகுப்பிலுள்ள அத்தனை பேரும் வருவர் என்று வைத்து இடங்களை வகுக்கலாம். நமது கற்பனை ஊரில் அதற்குத் தேவைப்படுவது இன்னுமொரு பிரிவு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறிவிட்டபின் நிதித் தலைப்பும் தயாராக இருக்கிறது.

பள்ளித் தரம் உயர்த்தும் அறிவிப்புகள் பெரும்பாலும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது வருகின்றன. அதற்கான பட்டியல் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகங்களிலிருந்து சென்றுவிடும். ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உறுப்பினர்களாக உள்ள நம் பெற்றோர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னரே ஒரு தீர்மானத்தை எழுதிவிட வேண்டும்: இப்பள்ளியின் எட்டாம் வகுப்பில் குடியிருப்பு வாரியாக எத்தனை பேர், சென்ற ஆண்டு எட்டு முடித்தவர்களில் ஒன்பதில் சேராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே. கிராமசபையிலும் அதே மூன்று கேள்விகளைப் பதிவுசெய்யலாம். தலைமையாசிரியர் தர மறுக்கும் எண்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும்.